மாசானம் பாக்கி வைத்த சிங்கிள்

முதலில் துரோகம் செய்தது மாசானம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. பின்னால் யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லக்கூடும். என் வீட்டுக்காரியே வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஆனால் முதலில் செய்தது அவன்.

நீங்கள் பஸ் ஏறி, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கொதித்துவிட்டது. கம்ப்யூட்டர்தானே? பழசா? ரிப்பேருக்கா கொண்டுபோகிறீர்கள்? நல்லது. யாரை வைத்துத் திறக்கிறீர்கள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். கூடவே இருந்தவனாயிற்றே என்று நம்பிவிடாதீர்கள்.

நான் டிரைவர். கவர்மெண்ட் வண்டி. அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலை ஏறுகிற லைன். அந்த லைனைப் போட்டால் மற்றவர்கள் வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுப்பார்கள். நான் கேட்டு வாங்கினேன். மாசானம் என் கண்டக்டர். கல்லிடைக்குறிச்சிக்காரன். டிப்போவில் எங்கள் பெயரைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

மலையில் எப்படி ஓட்டுவது தெரியுமா? டிரைவர் முன்னால் மட்டும்தான் பார்ப்பான். பின்னால் பார்ப்பது கண்டக்டர். எதிரே ஒரு ஜீப் வந்துவிட்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. கண்ணாடியில் அது தெரியாது. மாசானம் இறங்கிப் போய்ப் பின்னால் நின்று ஊதுவான். ஊத ஊத வருவேன். ஒற்றை விசில் என்றால் நின்றுவிடுவேன். தலையைத் திருப்பிப் பார்த்ததே இல்லை. திருப்பிப் பார்த்தால் அது அவனை நம்பாத மாதிரி ஆகிவிடும். கிளம்புவதும் அப்படித்தான். அவன் இரண்டு விசில் கொடுக்காமல் நான் வண்டியை நகர்த்தியதே கிடையாது. என் சர்வீஸில் ஒரு ஆக்சிடெண்ட் கிடையாது தம்பி. யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

அப்புறம் மெடிக்கல் டெஸ்ட் வைத்தார்கள். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டு இறக்கினார்கள். ரிட்டயராகும் வரை ஷெட்டில் டயர் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியாக ஒரு தடவை மலை ஏறி இறங்கிவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். ரூல் இல்லை என்றார்கள். அதில் ஒன்றும் எனக்குக் கோபம் இல்லை. ரூல் ரூல்தான். ஆனால் அந்த ஏறி இறங்குவது மட்டும் மனசில் பாக்கி நின்றுபோயிற்று.

இரண்டு பேரும் ரிட்டயராகி இருக்கும்போது மாசானம்தான் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்தான். என் மகள் வடிவு காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று அலமாரி ஓரமாகத் துணி போட்டு மூடிக் கிடந்தது. அவள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

"அண்ணாச்சி, இதுல பஸ் ஓட்டலாம்" என்றான். "எவனோ நம்ம ஊரு வண்டியவே செஞ்சு போட்டிருக்கான். மலையும் இருக்கு."

நான் கோட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் படத்தில் அந்தப் பச்சை வண்டி நின்றது பாருங்கள், ஹாரன்கூட அதே ஹாரன். மலைப்பாதை மாஞ்சோலை இல்லைதான். ஆனால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். போதாதா? மாசானம் எனக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தான். ரிட்டயரான பிறகும் வைத்திருக்கிறான் பாருங்கள்! இரண்டு விசில் ஊதினான். என் கால் தரையில் தானாகக் கிளட்சைத் தேடியது.

அதிலிருந்து தினமும் வருவான். ஸ்டாப்பில் ஆள் ஏறினால் "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்பான். என் வீட்டுக்காரி செண்பகம் கத்துவாள், "இது வீடா டிப்போவா? அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்க வேண்டாமா?" என்று. "மைனி, நீங்க எங்க எறங்கணும்?" என்று அவளையே கேட்பான். அவளும் சிரித்துவிட்டுக் காபி போடப் போவாள்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அவன் விசிலுக்கு அந்த மலையை ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்கிவிட வேண்டும். போகிற சிங்கிள் ஒன்று, வருகிற சிங்கிள் ஒன்று. டிப்போவில் ஒரு பக்கப் பயணத்தை சிங்கிள் என்போம். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு டிரிப். அது முடிந்தால் எனக்கு நிம்மதி.

ஆனால் அந்தப் பெட்டி விடவில்லை. சமதளத்தில் நன்றாகப் போகும். மலையில் மூன்றாவது வளைவில் மரங்கள் நிறைய வருகிற இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். நான் வளைத்துக்கொண்டிருப்பேன். படம் திரும்ப வரும்போது வண்டி பள்ளத்துக்குள் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. மாசானம் பின்னாலிருந்து, "எல்லாரும் எறங்கிக்கிடுங்க, அடுத்த வண்டிக்கு இதே டிக்கெட்டு செல்லும்" என்பான். அவனுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஆக்சிடெண்ட் இல்லாத டிரைவர் நான்.

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரியாஸ் கடைக்குப் போனோம். அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பக்கத்து மூடியைக் கழற்றி ஒரு ஊது ஊதினான். கடை முழுக்கத் தூசி.

"அண்ணாச்சி, மாஞ்சோலை மண்ணு பாதி இதுக்குள்ளதான் இருக்கு" என்றான். "மூளை பழசுதான், ஆனா பரவால்ல. படம் வரையதுக்குத் தனியா ஆளு கெடையாது. ஸ்டியரிங்கப் பிடிக்கதும் ஒரே ஆளு, டிக்கெட்டுக் கிழிக்கதும் அதே ஆளு. அதான் வளைவுல திணறுது."

மாசானம் சிரித்தான். "அப்போ ஒரு கண்டக்டரப் போடணும்ங்கிய."

"ஆமா. அதுக்குப் பேரு கிராபிக்ஸ் கார்டு."

புதுசு விலையைச் சொன்னான். நான் எழுந்துவிட்டேன். அவன் உட்கார வைத்தான். "செகண்ட் ஹேண்டு பாருங்க அண்ணாச்சி. ஒங்க பெட்டி ஒல்லி, குட்டைக் கார்டுதான் நுழையும். கரண்டும் அதிகமா இழுக்கக் கூடாது, உள்ள இருக்க பவர் சப்ளை தாங்காது. தனியா கரண்டு வயரு கேக்காத கார்டாப் பாத்து வாங்கணும். ராவும் பகலும் ஓட்டி அடிச்சுப் போட்ட கார்டும் மார்க்கெட்ல கெடக்கு. ஏமாந்துராதிய."

"ஓடாதுன்னு கண்டம் பண்ணின வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு விக்கிற மாதிரியா?" என்றேன்.

"அதே மாதிரிதான்."

இதைக் காதால் கேட்டவன் மாசானம். கூட நின்று கேட்டவன். அதனால்தானே நம்பி அனுப்பினேன்? எனக்குக் கண் இப்படி. பென்ஷன் பணத்தில் என்னால் முடிந்ததை அவன் கையில் கொடுத்து, "திருநெல்வேலிக்குப் போயி நல்லதாப் பாத்து வாங்கிட்டு வா, இதுக்கு மேல ஒரு பைசா கெடையாது" என்றேன். போனான். பொழுது சாய வந்தான். கடையிலேயே மாட்டி ஓடவிட்டு, சூடாகிறதா, சத்தம் வருகிறதா என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன் என்றான். அப்படித்தான் சொன்னான். நான் பார்த்தேனா?

கார்டு உள்ளங்கை நீளம்தான். மேலே ஒரு சின்னக் காற்றாடி. கூடவே ஒரு கறுப்புத் துண்டும் கொண்டுவந்தான், கட்டைவிரல் பருமனுக்கு. "இது கன்வெர்ட்டர் அண்ணாச்சி. இதுக்கு நான் காசு குடுத்துட்டேன், நீங்க தர வேண்டாம்" என்றான். அப்போதே எனக்கு உறுத்தியது. ஒருவன் தன் கைக்காசைப் போட்டு உங்களுக்கு எதையாவது வாங்கித் தந்தால் அதில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். இல்லையா தம்பி?

மறுநாள் மத்தியானம் அவனே மாட்டினான். ரியாஸிடம் கொடுத்தால் மாட்டுகிற கூலி கேட்பான். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, பள்ளத்தில் கார்டை வைத்து அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. அவன் பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டுமென்று கிளம்பினான். போகும்போது, "அண்ணாச்சி, பின்னாடி வயரு சோலிய நாளைக்குக் காலைல வந்து நான் பாக்கேன். நீங்க கைய வச்சிராதிய" என்றான்.

சொன்னான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கரண்ட் டீ குடிக்கிற நேரத்துக்கே வந்துவிட்டது. நான் என்ன பச்சைப் பிள்ளையா? எந்த வயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று எனக்கு மனப்பாடம். இன்ஜினைப் பிரித்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிற கை இது. டிவி மாதிரி இருக்கிறதே, அந்தப் படப்பெட்டியின் நீல வயர், கரண்ட் வயர், எலி வயர் எல்லாம் இருந்த இடத்திலேயே சொருகினேன். ஒன்றுகூட மாறவில்லை. அந்தக் கறுப்புத் துண்டு மட்டும் மிச்சம் நின்றது. எதைப் பிரித்துப் பூட்டினாலும் ஒரு நட்டு மிச்சம் விழுவது ஷெட்டில் வழக்கம்தான். எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

போட்டேன். படம் வந்தது. விசில் இல்லாமல் எடுக்கக் கூடாது என்று தெரியும். சும்மா வண்டியைத் திருப்பிப் பார்ப்போம் என்றுதான் எடுத்தேன். மூன்றாவது வளைவு. படம் நின்றது. வந்தது. வண்டி பள்ளத்தில்.

புதுக் கார்டு போட்ட பிறகும் அதே வளைவு, அதே பள்ளம். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதைத்தான் நானும் நினைத்தேன்.

மறுநாள் காலை டிப்போ எதிரே டீக்கடைக்குப் போனேன். ரிட்டயரான ஆட்கள் எல்லாம் அங்கேதான் பேப்பர் படிப்பார்கள். வீரவநல்லூர் கோயில்பிள்ளை இருந்தான். அவனும் டிரைவர்தான், டிரைவர் என்று சொல்லிக்கொள்வான். மாசானம் என் வீட்டுக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டு நின்று ஒரு டீ வாங்கினான்.

"என்ன அண்ணாச்சி, இங்க இருக்கிய? வாங்க, வயர மாட்டிருவோம்."

"மாட்டியாச்சு. ஓட்டியாச்சு. விழுந்தாச்சு."

"கைய வைக்காதியன்னு சொன்னம்லா?"

"அத விடு. எவங்கிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கின?"

அவன் சிரித்தான். "காலங்காத்தால வெளையாடாதிய."

"வெளையாடல. கலெக்‌ஷன் ஷார்ட்டு, மாசானம்."

அவ்வளவுதான் சொன்னேன். இந்த வார்த்தை வெளி ஆட்களுக்குப் பெரிதாகத் தெரியாது. பையில் இருக்கிற பணம் கொடுத்த டிக்கெட்டுக்குக் குறைந்தால் கண்டக்டருக்கு எழுதுகிற வார்த்தை அது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். கோயில்பிள்ளை, "வே, வாய அடக்கும்வே" என்றான். அவனுக்கு என்ன வந்தது?

மாசானம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "பை பிடிச்ச நாள்ல இருந்து எத்தன செக்கரு ஏறி எண்ணிப் பாத்திருக்கான். ஒருத்தன் என்னைய இந்த வார்த்த சொன்னதில்ல அண்ணாச்சி. நீங்க சொல்லிட்டிய."

"அப்ப கார்டு ஏன் ஓடல?"

"எனக்குத் தெரியாது. வண்டிய நிப்பாட்டுங்க, நான் எறங்கிக்கிடுதேன்."

போய்விட்டான். டீ அப்படியே இருந்தது. பாருங்கள், தப்பு செய்யாதவன் நின்று பேச வேண்டாமா? பெட்டியைத் திறந்து காட்ட வேண்டாமா? கோபித்துக்கொண்டு போனால் என்ன அர்த்தம்? அன்றைக்கு எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அப்புறம் ஆடிக்கு வடிவு வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். "அம்மா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

"அப்பா, படவயரப் பழைய ஓட்டையிலயே சொருகி வச்சிருக்கிய. கார்டுக்குத் தனி ஓட்டை இருக்கு. இதோ கீழ. நீங்க கார்டப் போட்டுட்டு அதத் தாண்டிப் போயிட்டிய. அது உள்ள சும்மா உக்காந்திருக்கு, பாவம்."

"அந்த ஓட்டையில இந்த வயரு சேராதே."

"அதுக்குத்தான கன்வெர்ட்டர். எங்க அது?"

ஓரத்தில் கிடந்த கறுப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நடுவில் வைத்துச் சொருகினாள். என்னவோ தட்டினாள், அணைத்தாள், போட்டாள். வண்டி வந்தது. தம்பி, மரத்தில் இலை தனித்தனியாகத் தெரிந்தது. எனக்கு நிஜ மரத்திலேயே இப்போது அப்படித் தெரிவதில்லை.

வடிவு என் பக்கம் திரும்பினாள். "மாசானம் சித்தப்பாக்கு ஒரு போனப் போடுங்க."

"நான் எதுக்குப் போடணும்?"

"நாலு பேரு முன்னால திருடன்னு சொல்லியிருக்கிய."

"திருடன்னு சொல்லல. ஷார்ட்டுன்னுதான் சொன்னேன்."

"அப்பா!"

"பின்னாடி பாக்க வேண்டியது யாரு? நான் டிரைவரு. முன்னாடிதான் பாப்பேன். வயரு எங்க இருந்துச்சு? பின்னாடி. பின்னாடி கண்டக்டர் சோலி. அவன் வண்டிய ரிவர்ஸ்ல நிப்பாட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். பள்ளத்துல விழுந்தா யாரு பொறுப்பு?"

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "இப்பிடித்தான் நடுச் சாமத்துலயும் சொல்லுதாரு" என்றாள். எனக்குப் புரியவில்லை. இதில் தப்பு எங்கே இருக்கிறது? மாஞ்சோலையில் அவன் ஒரு நாள் அப்படி நடுவில் போயிருந்தால் நாங்கள் எத்தனை பேரைக் கொன்றிருப்போம்? கார்டு நல்ல கார்டுதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நல்ல கார்டைக் கொடுத்துவிட்டுக் கூட நிற்காமல் போனதுதான் துரோகம். மட்டமான கார்டைக் கொடுத்திருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் விசில் இல்லாமலே மலை ஏறினேன். மூன்றாவது வளைவு வந்தது. போயிற்று. படம் நிற்கவில்லை. மேலே வரைக்கும் போய்விட்டேன். மேலே ஒரு சின்ன பஸ் ஸ்டாண்ட், ஒரு டீக்கடை. கதவைத் திறந்தேன். எல்லோரும் இறங்கினார்கள். கீழே வருகிறவர்கள் ஏறினார்கள். ஒரு அம்மா கூடையோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். கதவை மூடினேன்.

கால் எழவில்லை.

வடிவு பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, நான் விசிலடிக்கட்டுமா?" என்றாள். விரலை வாயில்கூட வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். அவள் என் மகள். என் கண்டக்டர் இல்லை. அவள் ஊதி இறக்கினால் அது யாருடைய டிரிப்?

அவள் ஊருக்குப் போய்விட்டாள். வண்டி மேலேயே நிற்கிறது. கம்ப்யூட்டரை நான் அணைப்பதில்லை. கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க ரியாஸிடம் ஒரு பழைய பேட்டரிப் பெட்டி வாங்கி வைத்தேன். படத்தை மட்டும் அணைக்கலாம் என்று வடிவு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். செண்பகம் கரண்ட் பில்லைக் காட்டிக் கத்துகிறாள். அணைத்தாலும் வண்டி இருக்கும், ரெக்கார்ட் பண்ணி வைக்கலாம் என்று ரியாஸும் சொன்னான். யார் கண்டது? ஆள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் தம்பி. அவர்களை இருட்டில் வைத்துவிட்டு நான் எப்படிப் படுக்க முடியும்?

மாசானம் என்ன செய்கிறான் தெரியுமா? கேட்டால் உங்களுக்கும் கொதிக்கும். கோயில்பிள்ளை மகன் துபாயிலிருந்து தன் அப்பனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அனுப்பியிருக்கிறான். ஸ்டியரிங்கே தனியாக இருக்கிறதாம், நிஜ ஸ்டியரிங் மாதிரி. மாசானம் தினமும் தன் எக்செல் மொபெட்டில் வீரவநல்லூருக்கு, அவன் வீட்டுக்குப் போகிறான். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊதுகிறான். கோயில்பிள்ளைக்கு! சமதளத்திலேயே வாய்க்காலுக்குள் வண்டியை விட்டவன் அவன். டீக்கடையில் ஒருவன் என்னிடம் சொல்கிறான், "அங்க போனா சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேக்கு" என்று. எதற்கு என்னிடம் சொல்கிறான்?

நீங்களும் என் மகள் மாதிரியே பார்க்கிறீர்கள். போய் இரண்டு வார்த்தை பேசினால் என்ன என்றுதானே? டிப்போவில் வழக்கம் ஒன்று இருக்கிறது தம்பி. டிரைவர் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பான். கண்டக்டர் பையை வாங்கிக்கொண்டு வந்து, "போலாம் அண்ணாச்சி" என்பான். டிரைவர் இறங்கிக் கண்டக்டரைத் தேடிப் போனதாக எந்த டிப்போவிலும் கிடையாது. நான் உட்கார்ந்திருக்கிறேன். வர வேண்டியது அவன்.

இல்லை இல்லை, எனக்குத் திருநெல்வேலியில் ஒரு சோலியும் இல்லை. கண் ஆஸ்பத்திரி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். பாஸ் இருக்கிறது, போய்விட்டு வருகிறேன். நேற்றும் போனேன்.

வீரவநல்லூர் வந்துவிட்டதா? தம்பி, நீங்கள் ஜன்னலோரம் இருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இந்தத் தூரம் தெரியாது. சர்ச் தாண்டியதும் இடது பக்கம் பச்சைக் கேட் போட்ட வீடு ஒன்று வரும். வாசலில் நீல எக்செல் வண்டி ஒன்று நிற்கிறதா பாருங்கள். பின்சீட்டில் சாக்கு கட்டியிருக்கும். சீக்கிரம் பாருங்கள், டிரைவர் இங்கே வேகமாக அடித்துவிடுவான்.

நிற்கிறதா?

ம். நிற்கட்டும். எத்தனை நாள் நிற்கும், பார்க்கிறேன். ஏறுகிற சிங்கிள் நான் தனியாக ஓட்டியாயிற்று. இறங்குகிற சிங்கிள் அவன் எனக்குப் பாக்கி.